நிலாவுக்குப் போன கொட்டாவி

சுயம்புலிங்கம் கொட்டாவி விட்டால் ஊரே விடும். நம்பாதவர்கள் திருச்செந்தூர்ப் பக்கம் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

முப்பத்துநான்கு வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். காலையில் வழக்கு நம்பரைக் கூப்பிட வாயைத் திறப்பார். நம்பர் வராது, கொட்டாவி வரும். முதலில் டவாலிச் சேவகர் விடுவார். அப்புறம் வாதியின் வக்கீல். அவரை எதிர்த்தே பழகிப்போன பிரதிவாதியின் வக்கீல் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவார். பத்தாவது விநாடியில் நீதிபதியே கண்ணில் நீர் வழிய, "அடுத்த மாதம்..." என்பார். ஒருமுறை மூன்று நாளாகப் பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருந்த ஆசாமி, கொட்டாவிக்காகத் திறந்த வாயை மூடுவதற்குள் உண்மையையும் சேர்த்து விட்டுவிட்டார். இன்னொரு முறை சுயம்புலிங்கம் பஸ் ஸ்டாண்டில் விட்ட கொட்டாவி காயல்பட்டினம், ஆறுமுகநேரி, முக்காணி என்று ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டு தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது, அவர் ஏற வேண்டிய பஸ் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

இத்தனை திறமைக்கும் அவருக்குக் கிடைத்தது பதினோரு மெமோ. 'நீதிமன்ற நடவடிக்கைகளில் சோம்பலைப் பரப்பியதற்காக' என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று பாராட்டிப் பேச வந்த தலைமை அலுவலர் சிரஸ்தார் பாதியில் கொட்டாவி விட்டு, மீதியை மறந்து உட்கார்ந்துவிட்டார். சுயம்புலிங்கத்துக்கு அது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு விண்வெளித் தளத்து ஜீப் வந்து நின்றது.

அவர் அப்போதுதான் எழுந்து, வாசலில் போட்ட கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி செல்வக்கனி காப்பி டம்ளரோடு வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி, "இந்தாங்க, காப்பி" என்று நீட்டினாள். முப்பத்துநான்கு வருஷமாக அதே வாசற்படி, அதே டம்ளர், அதே தலைப்பு. அவள் விடியுமுன் மூன்றரைக்கே எழுந்து மூன்று விடுதிகளுக்கு இடியாப்பம் பிழிந்து அனுப்பிவிடுவாள். கணவர் எழும்போது அடுக்களை கழுவிக் காய்ந்திருக்கும். டம்ளரை வாங்கிக்கொண்ட சுயம்புலிங்கம் வாயை அகலத் திறந்தார். வாசலில் ஜீப் டிரைவர் விட்டார். டிரைவருக்குப் பின்னால் இறங்கிய பெண்மணியும் விட்டார். விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.

"அப்படியே இருக்கு அண்ணாச்சி! ஒரு சொட்டு குறையல!"

அவர் டாக்டர் ஆக்னஸ் பர்னாந்து. மணப்பாட்டுக்காரர், விண்வெளி வீரர்களின் உடல்நலத்துக்குப் பொறுப்பான மருத்துவர்.

"எங்க குடும்பத்து நிலத் தாவா உங்க கோர்ட்டுலதான் பதினாலு வருஷம் கெடந்துச்சு. நான் அம்மாகூட வந்து உக்காந்திருக்கேன். உங்க கொட்டாவியை மறக்க முடியுமா?"

"தாயி, அதுல ஆறு வாய்தாதான் என்னால. மிச்சமெல்லாம் உங்க வக்கீலு திறமை."

"அந்தக் கொட்டாவிதான் இப்ப எங்களுக்கு வேணும்."

சுயம்புலிங்கம் காப்பியை ஊதுவதை நிறுத்தினார். "கொட்டாவிக்கா ஜீப் அனுப்பியிருக்கிய? அதுக்கு மெமோதானே வழக்கம்?"

ஜீப்பில் போகும்போது ஆக்னஸ் விளக்கினார்.

"நம்ம மூளை எவ்வளவு கனம் தெரியுமா அண்ணாச்சி?"

"வீட்டுல கேட்டா ஒண்ணுமே இல்லம்பா."

"கிட்டத்தட்ட ஒண்ணரைக் கிலோ. ஆனா மண்டைக்குள்ள அது தண்ணியில மெதக்குது. மெதக்கையில அதுக்கு வெறும் அம்பது கிராம் கனம்தான். ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு காப்பி டம்ளர். மூளை, முதுகுத்தண்டு எல்லாத்துக்கும் சேத்தே அவ்வளவுதான். ஊத்துத் தண்ணி மாதிரி பளிங்கா இருக்கும். மூளைக்கு நடுவுல சின்னச் சின்ன அறை இருக்கு. அங்க ஊறி, வெளிய வந்து, மூளையைச் சுத்தி, முதுகுத்தண்டு வழியா இடுப்புவரைக்கும் எறங்கி, திரும்ப ஏறி ரத்தத்துல கலந்துடும். அந்த டம்ளரை உடம்பு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை காலி பண்ணிப் புதுசா நெரப்புது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் கொஞ்சம் எறங்கும், கொஞ்சம் ஏறும். நீங்க பொறந்த நிமிஷத்துலேருந்து ஒரு தடவைகூட நிக்கல."

சுயம்புலிங்கம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார், தளும்பிவிடுமோ என்பதுபோல. அறுபத்தோரு வருஷம் இந்தத் தலையைச் சுமந்திருக்கிறார். எண்ணெய் தேய்த்திருக்கிறார், கதவு நிலையில் இடித்திருக்கிறார். உள்ளே ஒரு தாமிரபரணி ஓடுகிறது என்று ஒருத்தர் சொல்லவில்லையே! மண்டைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் பளிங்குத் தண்ணீரில் மிதந்துகொண்டு கோர்ட்டு வேலை பார்த்திருக்கிறதே! எதிரே சைக்கிளில் வந்த பால்காரரைப் பார்த்தபோது அவருக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அந்தத் தலைக்குள்ளும் ஒரு டம்ளர்.

"இதுல என் கொட்டாவி எங்க வருது?"

"பெருமூச்சு இழுத்தா ரத்தம் தலையிலேருந்து கீழ எறங்கும், இந்தத் தண்ணி மேல ஏறும். எதிர்எதிர்த் திசை. கொட்டாவியில மட்டும் ரெண்டும் சேந்து கீழ எறங்குது. ஒரே இழுப்புல தலைக்குள்ள இறுக்கம் கொறையும். நமக்குப் பெரிசா தேவைப்படாது, எந்திரிச்சு நின்னாலே தண்ணி எறங்கிடும். நிலாவைச் சுத்துற நம்ம நிலையத்துல எந்திரிச்சு நிக்கவும் முடியாது, கீழன்னு ஒரு பக்கமும் கெடையாது. மேலேயே தேங்குது. கண்ணுக்குப் பின்னால நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுக்குள்ளயும் இதே தண்ணிதான். அது வீங்கினா பார்வை மங்கிடும்."

"அங்க உள்ளவங்க கொட்டாவி விட மாட்டாவளா?"

ஆக்னஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "விடாம நாங்கதான் பண்ணிட்டோம். வேலை நேரத்துல அசதி வரக்கூடாதுன்னு எங்க இயக்குநர் ஒரு தொப்பி கண்டுபிடிச்சாரு. விழிப்புத் தொப்பி. தலையைக் குளுகுளுன்னு வச்சிருக்கும், சின்னதா மின்சாரம் குடுக்கும். ஏழு மாசம் நாலு பேரும் போட்டிருந்தாங்க. தூக்கக் கலக்கம் கிட்டயே வரல. கொட்டாவியும் போச்சு. கொட்டாவிக்கு ஒரு வேலை இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல. இப்பத் தொப்பியைக் கழட்டியாச்சு, ஆனா கொட்டாவி திரும்ப வரல. காஞ்ச அடிபம்பு மாதிரி. யாராவது முதல்ல ஒரு செம்பு ஊத்தணும்."

நான்கு பேரில் மோசமாக இருந்தது இசக்கிராணிக்கு. காயாமொழிக்காரப் பெண், முப்பத்திரண்டு வயது. திரும்பி வரும் கலத்தை ஓட்டுபவள் அவள்தான். கலத்தைத் தானாக ஓட்டும் பொறியைப் போன மாதம் அரிசிமணி அளவுக் கல் ஒன்று இடித்துக் கெடுத்துவிட்டதால், அவள் கண்ணால் பார்த்துக் கையால் ஓட்டியாக வேண்டும். அவளுடைய கண் நரம்பு உறையின் தடிமன் ஆறு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். ஆறுக்குக் கீழே வந்தால் பார்வை தெளியும். பத்தாம் நாள் கிளம்ப வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு நாலு மாதம்.

"அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கண்ணு போயிரும் அண்ணாச்சி" என்றார் ஆக்னஸ்.

கட்டுப்பாட்டு அறையில் அறுபது பேர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் சதானந்தன் உயரமான மனிதர். சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது, பேச்சிலும் இருக்காது. தொப்பியைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"டாக்டர், இது ஆராய்ச்சி நிலையம். வித்தை காட்டும் மேடை அல்ல. கொட்டாவிதான் வேண்டுமென்றால் காணொளி ஒன்றை அனுப்பலாமே."

"அனுப்பினோம் சார். மூணு தடவை போட்டும் ஒட்டல. பழைய கொட்டாவி வேலைக்காவாது. அந்த நேரத்துல, ஒரு ஆளுக்கு, நெசமா வரணும்."

"நிஜமாக எப்படி வரவழைப்பீர்கள்?"

ஆக்னஸ் பையிலிருந்து பழுப்பேறிய காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். சொந்த நிலத்து விற்பனைப் பத்திரம். நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லும் பகுதியைப் பிரித்து, கோர்ட்டில் படிப்பது போலவே ஒரே சுருதியில் படித்தார்.

"...இதற்குச் சக்குபந்தியாவது: வடக்கே பர்னாந்து வகையறாக்களுக்குப் பாத்தியப்பட்ட பனைவிளைக்கும், தெற்கே கிழமேலாகச் செல்லும் நாலடிப் பாதைக்கும், கிழக்கே கடற்கரைப் புறம்போக்குக்கும், மேற்கே மேற்படி பாகப்பிரிவினையில் கண்ட மேற்படி நபரின் மேற்படி..."

இரண்டாவது 'மேற்படி'யிலேயே வந்துவிட்டது. சுயம்புலிங்கத்தின் வாய் முதலில் பணியாரக்குழி அளவுக்குத் திறந்தது, அப்புறம் தோசைக்கல் அளவுக்கு. காதுமடல் பின்னால் போனது. அறையிலிருந்த காற்றெல்லாம் உள்ளே போய்விட்டதால் சுவரில் ஒட்டியிருந்த காகிதங்கள் அவர் பக்கமாகச் சாய்ந்தன என்று பிற்பாடு பலர் சத்தியம் செய்தார்கள். அறுபது பேரும் விட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் சுவரில் சாய்ந்துகொண்டு விட்டார். சதானந்தன் பல்லைக் கடித்துத் தடுத்துப் பார்த்தார். தாடை கேட்கவில்லை.

நிலாவுக்குப் படம் போய்ச் சேர ஒன்றே கால் விநாடி. அங்கிருந்து திரும்பி வர இன்னொரு ஒன்றே கால். அந்த இரண்டரை விநாடியும் அறையில் யாரும் மூச்சுவிடவில்லை.

திரையில் நான்கு முகங்கள் மிதந்தன. இரத்தம் மேலேறி, தண்ணீரில் ஊறவைத்ததுபோல் உப்பிய முகங்கள். மூன்றாவதாக இருந்த பெண்ணின் மூக்கு விடைத்தது. உதடு நடுங்கியது. அப்புறம், ஏழு மாதத்தில் முதல் தடவையாக, இசக்கிராணி வாயைத் திறந்தாள். கண்ணில் திரண்ட நீர் வழிய இடமின்றி முத்து மாதிரி இமையிலேயே நின்றது.

"ஏ மாமா!" என்றாள். "நீங்க யாருன்னு தெரியல. ஆனா மண்டைக்குள்ள யாரோ ஜன்னலைத் தொறந்துவிட்ட மாதிரி இருக்கு!"

ஆறு புள்ளி எட்டு.

அன்று பதினாலு தடவை. மறுநாள் ஜீப் மறுபடி ஏழு மணிக்கு வந்தது, காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார், பத்தொன்பது தடவை. ஆறு புள்ளி ஆறு. சதானந்தன் எழுந்து வந்து சுயம்புலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும் ஐயா. உங்களைப் போன்றவரைத் தினமும் குண்டும் குழியுமான சாலையில் அலைய வைப்பது தவறு."

அங்கேதான் அவர்கள் தப்புச் செய்தார்கள். நல்ல மனதோடு செய்த தப்பு.

விருந்தினர் விடுதியில் முதல் அறை அவருக்கு. குளிர்சாதனம், முழங்கை புதையும் மெத்தை, கடலைப் பார்த்த ஜன்னல். கதவில் 'தலைமைக் கொட்டாவி ஆலோசகர்' என்று பித்தளையில் பலகை. பதினோரு மெமோக்களையும் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டுக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினார்கள். அவர் நடந்து போனால் ராக்கெட் விஞ்ஞானிகள் எழுந்து நின்றார்கள். சுயம்புலிங்கம் நெஞ்சு நிமிர்ந்ததில் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெறித்துப் போனது. வாழ்நாளெல்லாம் எதற்காகத் தலைகுனிந்தாரோ அதற்கே மாலை!

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஆக்னஸ் சக்குபந்தி படித்தார். வரவில்லை.

இன்னொரு பத்திரம். வரவில்லை. தாலுகாவில் உள்ள பத்திரங்களையெல்லாம் வரவழைத்துப் படித்தார்கள். சதானந்தன் தம்முடைய நானூறு பக்க ஆய்வேட்டைத் தாமே வாசித்தார், அதற்கும் வரவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"புகழ் வந்துட்டுது, சலிப்பு போயிட்டுது. சந்தோஷமா இருக்கவருக்குக் கொட்டாவி எங்கேருந்து வரும்?" என்றார் ஆக்னஸ்.

நான்காம் நாள் ஆறு புள்ளி எட்டு. ஐந்தாம் நாள் ஏழு. சுயம்புலிங்கம் தாடை வலிக்க வலிக்க வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"மாமா, பொய்க் கொட்டாவி விடுதிய" என்றாள் இசக்கிராணி மேலிருந்து. குரலில் கோபம் இல்லை. "சத்தத்துலயே தெரியுது. முகம் தெரியல. நேத்து உங்க மீசை தெரிஞ்சுது. இன்னைக்கு மீசை எங்கன, வாய் எங்கன ஒண்ணும் வெளங்கல. கஷ்டப்படாதிய மாமா."

அவர் எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போனார். ஆக்னஸ் பின்னாலேயே வந்தார்.

"டாக்டரம்மா, முப்பத்துநாலு வருஷம் எம் முன்னால எத்தனை பேரு நிலம் போச்சு, வீடு போச்சுன்னு அழுதிருப்பான். எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு. இன்னைக்கு ஒரு பிள்ளைக்குக் கண்ணு போவுது. வர மாட்டங்குதே!"

ஆக்னஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

ஆறாம் நாள் காலை பத்தரைக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் மணலில் நடந்து, கையில் தூக்குச்சட்டியோடு செல்வக்கனி வந்து சேர்ந்தாள்.

"நாலு நாளா ஆளைக் காணோம். என்ன தின்னாவளோ ஏது தின்னாவளோன்னு ரெண்டு இடியாப்பம் கொண்டாந்தேன்" என்றாள் காவலரிடம். அவர் அவளைக் கட்டுப்பாட்டு அறையின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். சதானந்தனுக்கு அடுத்த நாற்காலி.

மூன்றரை மணியிலிருந்து அவள் உட்கார்ந்த முதல் நாற்காலி அது. மெத்தென்று இருந்தது, குளிர்காற்று வேறு. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரையில் மிதக்கும் பெண்ணைப் பார்த்தாள். "ஐயோ பாவம், பச்சப்பிள்ள" என்றாள். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

சதானந்தன் கொட்டாவி விட்டார்.

விட்டவர் திடுக்கிட்டுப் போனார். அவருக்கு முன் வரிசை விட்டது. அதற்கு முன் வரிசை விட்டது. அலை முன்னேறி, எல்லாருக்கும் முன்னால் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்த சுயம்புலிங்கத்தின் பிடரியில் போய் மோதியது. அவர் திரும்பக்கூட இல்லை. தோசைக்கல் அளவுக்குத் திறந்தார்.

இரண்டரை விநாடி. மேலே நால்வரும் விட்டார்கள்.

"வந்துட்டு! வந்துட்டு மாமா!" என்று இசக்கிராணி கத்தினாள்.

அறையே ஆர்ப்பரித்தது. ஆக்னஸ் மட்டும் ஆர்ப்பரிக்கவில்லை. அவர் அலை வந்த திசையைப் பார்த்திருந்தார். அது சுயம்புலிங்கத்திலிருந்து கிளம்பவில்லை. பின்னாலிருந்து வந்தது. வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு போய், கடைசி நாற்காலியில் நிறுத்தினார். அங்கே ஒரு சேலைத் தலைப்புக்குப் பின்னால் இரண்டு தோள்கள் மெதுவாக உயர்ந்து, ஒரு கணம் நின்று, இறங்கின.

"எக்கா" என்றார் ஆக்னஸ் பக்கத்தில் போய். "அந்தத் தலைப்பைக் கொஞ்சம் எடுக்கியளா?"

"எதுக்கு?"

"கொட்டாவி விட்டிய."

செல்வக்கனி விறைத்துப் போனாள். "தெரியாம வந்துட்டு தாயி. அவரை ஒண்ணும் சொல்லிராதிய."

"எப்பவும் தலைப்பை வச்சு மறைச்சுக்கிடுவியளா?"

"பெறவு? ஆம்பளைய முன்னால ஆ-ன்னு வாயைத் தொறக்கவா? கல்யாணமான மறுநாளே இவுக அம்மா சொல்லிட்டாவ, பொம்பள கொட்டாவி விட்டா வீட்டுக்கு ஆவாதுன்னு. காலையில காப்பி குடுக்கையிலதான் அடக்க முடியாம வரும். இப்படித் தொடைச்சுக்கிடுவேன்."

சுயம்புலிங்கம் நாற்காலியிலிருந்து திரும்பி மனைவியைப் பார்த்தார். வாசற்படி, டம்ளர், தலைப்பு. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து காலை. அவள் முகத்தைத் துடைப்பாள், அவர் வாயைத் திறப்பார். அதைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போவார், பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப் போவார். தன் கொட்டாவி என்று நினைத்து மெமோ வாங்கினார், தன் கொட்டாவி என்று நினைத்து மாலையும் வாங்கினார். அவர் வெறும் ஒலிபெருக்கி. பாட்டு அடுக்களையிலிருந்து வந்திருக்கிறது. அவளுக்கு அசதி வரும் என்று முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு நாள் தோன்றியதில்லை.

எழுந்து போய் அவள் மடியிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"இவளே, தலைப்பை எடு. நான் சொல்லுதேன். அம்மா சொன்னது கெடக்கு. நல்லாத் தொறந்து விடு."

அவள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். திரையில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். தலைப்பை இறக்கினாள்.

இனி சொல்வதில் மிகை ஒரு துளிகூட இல்லை. அது சின்னக் கொட்டாவி. சத்தமே கிடையாது. வாய் ஒரு பணியாரக்குழிக்கு மேல் திறக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்த எவருக்கும் தம் வீட்டில் யாரோ ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். விடாதவர் ஒருவரும் இல்லை. மேலே இசக்கிராணி விட்டாள், மறுபடி விட்டாள், தொடர்ந்து இருபத்துமூன்று தடவை விட்டாள். எண்ணைப் படித்துக்கொண்டிருந்தவர் கொட்டாவிக்கு நடுவே எண்ணை மறந்து மறந்து படித்தார். ஏழு. ஆறு புள்ளி எட்டு. ஆறு புள்ளி ஐந்து. ஆறு புள்ளி மூன்று.

"மாமா, மீசை தெரியுது" என்றாள் இசக்கிராணி. "பக்கத்துல ஒரு அக்கா இருக்காவ. அவ்வளவு அழகா இருக்காவ!"

"கண்ணு இன்னும் சரியாவல போல" என்றாள் செல்வக்கனி. அறை சிரித்தது.

சதானந்தன்தான் முதலில் சுதாரித்தார். "இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அம்மாவுக்கு உடனே விருந்தினர் விடுதியில் அறை..." என்று தொடங்கி நின்றுபோனார்.

"அறை குடுத்தா தூங்கிடுவாங்க சார்" என்றார் ஆக்னஸ். "தூங்கினா அசதி போயிடும். அசதி போனா..."

"அப்படியானால் நான்கு நாள் தூங்க விடாமல்..." அந்த வாக்கியத்தையும் அவர் முடிக்கவில்லை. தம் குரலைத் தாமே கேட்டு முகம் சுருங்கினார். ஏழு மாதம் நான்கு பேரைக் கண் அயரவிடாமல் பார்த்துக்கொண்டதன் பலன் எதிரே திரையில் மிதந்துகொண்டிருந்தது.

"அதுக்கென்ன?" என்றாள் செல்வக்கனி சாதாரணமாக. "எனக்குப் பழக்கம்தானே? நாளைக்கும் பிழிஞ்சு குடுத்துட்டு பஸ்ஸைப் பிடிச்சு வந்துருதேன். பிள்ளைக்குக் கண்ணு நல்லாவட்டும்."

அறுபது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"எக்கா" என்றார் ஆக்னஸ், "நாம தூங்கையிலதான் அந்தத் தண்ணி மூளைக்கு உள்ளயே பூந்து அன்னன்னைக்குச் சேந்த அழுக்கையெல்லாம் அலசி எடுத்துட்டுப் போவும். உங்களுக்கு அந்த அலசல் பாதிதான் நடந்திருக்கு, இத்தனை வருஷமா. உங்களை இன்னும் முழிச்சிருங்கன்னு நான் டாக்டரா இருந்துக்கிட்டுச் சொல்ல முடியாது."

"அப்ப அந்தப் பிள்ளை?"

சுயம்புலிங்கம் சட்டைப்பையைத் துழாவி விருந்தினர் அறைச் சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.

"நீ இங்கன படு. நான் போய்ப் பிழியுதேன்."

"நீங்களா? உங்களுக்குப் பிழியத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் சீக்கிரம் அசதி வரும்."

மறுநாள் மூன்றரைக்கு எழுந்தார். மாவு கிண்டுகையில் கை வெந்தது. இடியாப்ப உரலை அழுத்தி அழுத்தித் தோள்பட்டை கழன்று வந்தது. முதல் ஈடு பூமியில் உள்ள எந்த நாட்டின் வரைபடத்தோடும் ஒத்துப்போகவில்லை. மூன்று விடுதிக்காரர்களும் அடுத்தடுத்துக் கூப்பிட்டு, "செல்வக்கனியக்கா உடம்புக்குச் சரியில்லையா?" என்றார்கள். ஒரு ஈடு, இரண்டு ஈடு, பதினெட்டு ஈடு. பாத்திரம் கழுவி, அடுக்களை கழுவி நிமிர்ந்தபோது விடிந்திருந்தது. காப்பி நீட்ட ஒருத்தரும் இல்லை.

பதினோரு மணிக்குக் கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். புருவத்தில் மாவு. ஆக்னஸ் பத்திரத்தைப் பிரித்து, "இதற்குச் சக்குபந்தியாவது..." என்றார். அதற்குள் வந்துவிட்டது. முழுக்க முழுக்க அவருடைய சொந்தக் கொட்டாவி, அறுபத்தோரு வயதில் முதலாவது.

ஆறு புள்ளி இரண்டு. ஆறு. ஐந்து புள்ளி ஒன்பது.

செல்வக்கனி அந்த முழங்கை புதையும் மெத்தையில் இருபத்தெட்டு மணி நேரம் புரளாமல் தூங்கினாள். பக்கத்து அறை விஞ்ஞானி பயந்துபோய் இரண்டு தடவை டாக்டரைக் கூப்பிட்டார். ஆக்னஸ் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, கதவில் இருந்த பித்தளைப் பலகையை நேராக்கிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் இசக்கிராணி கலத்தை நிலையத்திலிருந்து கையால் பிரித்து, ஒரு திருகாணி உரசாமல் திருப்பி, ஐந்து நாள் பயணத்தில் நால்வரையும் வங்காள விரிகுடாவில் கொண்டுவந்து இறக்கினாள். சதானந்தன் தொப்பியைத் தம் மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியான வேளையில் அதே ஜீப் திருச்செந்தூரில் வந்து நின்றது. ஆக்னஸ் இறங்கினார். கையில் கேடயத்தோடு சதானந்தன் இறங்கினார். பூமியின் கனத்துக்கு இன்னும் பழகாத கால்களோடு, கம்பை ஊன்றிக்கொண்டு இசக்கிராணி இறங்கினாள். வாசலில் சுயம்புலிங்கம் குந்தி உட்கார்ந்து இடியாப்ப உரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா! அக்கா எங்க? கையில குடுக்கணும்னு கேடயம் கொண்டாந்திருக்காவ!"

அவர் வாயில் விரலை வைத்தார். "மெதுவா. உள்ள தூங்குதா."

"எழுப்பலாமா ஐயா?" என்றார் சதானந்தன். தம்மை அறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"எழுப்பாதிய."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"முப்பத்துநாலு வருஷத்துத் தூக்கம். அவசரப்பட்டா எப்படி?"

நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவில் பூவரசு நிழலில் போட்டார். உட்கார்ந்தார்கள். இயக்குநர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இசக்கிராணி, யாரும் தூண்டாமலே, தானாக ஒரு கொட்டாவி விட்டாள். கண்ணில் திரண்ட நீர் இமையில் நிற்காமல் கன்னத்தில் இறங்கி ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரு டம்ளர் தெளிந்த நீர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.